ஒப்பந்தம் தீர்கிற வருடம்

கிளப் மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தபோது எனக்கு வியர்வைகூடக் காயவில்லை. புது சீசனுக்கான பயிற்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் நல்ல மனிதர். எதைப் பேசுவதற்கு முன்பும் வீட்டாரை விசாரிப்பார். அன்றைக்கும் என் மனைவியை விசாரித்தார், மகளை விசாரித்தார், பிறகு ஒப்பந்தத்துக்கு வந்தார்.

எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. கால்பந்து பக்கம் வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு ஆட்டக்காரனை வேறு கிளப் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், அவனை வைத்திருக்கும் கிளப்புக்கு விலை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் தீர்ந்துவிட்டால் அது தேவையில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு பிடித்த இடத்துக்குப் போகலாம். பழைய கிளப்புக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் கடைசி வருடம் வந்துவிட்டால் எல்லா கிளப்புகளும் ஒரே பேச்சுத்தான் பேசும். கையெழுத்துப் போட்டு நீட்டிக்கொள், இல்லையென்றால் சீசன் நடுவில் விற்றுவிடுகிறோம்.

அவரும் அதையேதான் சொன்னார், மெதுவாக. நான் என் அரைகுறை இந்தியில், இருக்கிற வருடத்தை ஆடி முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "யோசித்துப் பார்" என்று மட்டும் சொன்னார். நான் ஏற்கெனவே யோசித்துக் களைத்துப் போயிருந்தேன்.

நான் மல்லசமுத்திரம் பக்கத்துக்காரன். இடது ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரன், லெஃப்ட் பேக். கிளப் இருந்தது மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில். அங்கே போன இரண்டாம் வருடம் ஒரு மதியம், ஊருக்கு வந்து வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த சீசனுக்கு என்னை வடகிழக்கில் ஒரு மலை ஊர் கிளப்புக்கு இரவல் கொடுத்துவிட்டார்களாம். டிக்கெட் போட்டாயிற்றாம். என் மனைவி அப்போதுதான் கடற்கரை ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு என்னோடு மலைக்கு வந்தாள். அடுத்த வருடம் திரும்பவும் கடற்கரை. மகள் ஒரு ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொள்வதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் முழுக்க அவள் யாரோடும் பேசமாட்டாள்.

மலையிலிருந்து கிளம்பத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, உங்களைய எந்த ஊருக்கு அனுப்பறதுன்னு அவங்க பேசறப்ப, அந்த ரூம்புல நீங்களும் இருப்பீங்களா?"

"இல்ல."

"ஃபோன்லயாச்சும்?"

"இல்ல."

அவள் மறுபடியும் துணியை மடிக்க ஆரம்பித்தாள். மேலாளர் அறையில் பின்னால் நான் சொன்ன பதில், அவள் கேட்ட அன்றைக்கே முடிவானது என்றுதான் நினைக்கிறேன். தெற்கே ஒரு கிளப், எங்கள் ஊரிலிருந்து அரைநாள் பயணத்தில், ஒப்பந்தம் தீர்ந்ததும் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பதாக என் ஏஜெண்ட் சொல்லியிருந்தார். மனைவி திருச்செங்கோட்டில் ஏதாவது பள்ளியில் சேரலாம். மகளும் ஒரே இடத்தில் படிக்கலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடாததால் முதலில், ஆட்டத்தைத் தொடங்கும் பதினொருவரில் என் இடம் போயிற்று. பிறகு மாற்று ஆட்டக்காரர்களுக்கான பெஞ்சிலும் இடமில்லை. கொஞ்ச நாளில், அடிபட்டுத் தேறி வருகிறவர்களோடு தனியாகப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். எனக்கு எந்த அடியும் இல்லை. முழங்கால் கட்டோடு மெல்ல நடப்பவர்கள் பக்கத்தில் நான் மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். பயிற்சியின்போது எல்லோருக்கும் ஒரு கறுப்பு உள்பனியன் கொடுப்பார்கள். அதன் முதுகில் இருக்கும் சின்னக் கருவி, எவ்வளவு ஓடினோம், எவ்வளவு வேகம் என்று கணக்கு எடுக்கும். ஒருநாள் எனக்கு வைத்திருந்தது அங்கே இல்லை. துணிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, மேலிடத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றார். நான் எவ்வளவு ஓடுகிறேன் என்று தெரிந்துகொள்ள இனி யாருக்கும் தேவையில்லை. அவமானம் என்று சொல்ல முடியாது. மதிய வெயிலில் நின்று நின்று கால் மரத்துப்போவது போல ஒன்று.

பயிற்சியாளர் வெளிநாட்டுக்காரர். நடைபாதையில் என்னைப் பார்த்தால் நின்று தோளில் கை வைப்பார். அவருக்கு நான் வேண்டும், ஆனால் முடிவு அவர் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆட்ட நாட்களில் கழுத்தில் அனுமதி அட்டையை மாட்டிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பேன். ரசிகர்கள் சமூக வலைத்தளத்தில் என் படங்களுக்குக் கீழே, துரோகி என்று பாம்புப் படம் போட்டார்கள். ஒருநாள் மனைவி என் போனை வாங்கி அந்தச் செயலியை எடுத்துவிட்டாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வரச் சொல்லி கிளப்பே விடுமுறை கொடுத்தது. சீசன் நடுவில் ஆட்டக்காரனுக்குப் பொங்கல் விடுமுறை கிடைத்தால் அதன் அர்த்தம் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடாது. என் அண்ணனுக்குப் புரிந்தது.

அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருடத்தில் பாதி நாள் வண்டி வடக்கே எங்காவது இருக்கும். அந்தப் பொங்கலுக்கு வண்டி வீட்டுக்குப் பின்னால் சும்மா நின்றது. துளை போடும் ஆள், அவர்கள் சொல்வதில் டிரில்லர், பேசிய மூன்று சீசன் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு முதலாளியிடம் போய்விட்டான். சரியான ஆள் கிடைக்காமல் அண்ணன் அலைந்துகொண்டிருந்தார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும் நேரம். காட்டில் ஆட்கள் கிழங்கைக் குவித்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் நின்றோம்.

"டிவியில ஏன் உன்னையக் காணோம்?" என்றார்.

சொன்னேன். ஒப்பந்தம், கையெழுத்துப் போடாதது, தனிப் பயிற்சி எல்லாவற்றையும். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"முட்டிய அறுத்துப் போட்டுக் கெடந்தயே, அப்ப உன்னையப் பாத்தது யாரு?"

"கிளப்புதாங்ணா."

"முழுசா ஒரு வருசம் வெளையாடாம இருந்த. சம்பளத்த நிறுத்துனாங்களா?"

"இல்லீங்ணா."

"பொறவு? தேறி நிக்கறப்ப அவங்களுக்கு ஒத்தப் பைசா கெடைக்காமப் பண்ணிட்டுப் போறேங்கற. எங்கிட்ட இருந்த டிரில்லர் செஞ்சதுக்கும் நீ செய்யறதுக்கும் என்ன சாமி வித்தியாசம்? அவனுக்கு ஒன்னுந் தெரியாதப்ப வண்டியில ஏத்தி வேல பழக்குனது நானு."

"பேசுன காலத்த முடிச்சுட்டுத்தான போனான்?"

"முடிச்சுட்டா? அவ்வளவுதானா மனுசனுக்கு மனுசன்?"

 அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுவே என்னை இன்னும் சோர்வாக்கியது. என்னை விளையாட்டு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அந்த டிரில்லரை மல்லசமுத்திரத்தில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். என்னைவிட இளையவன். என்னைக் கண்டதும் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான்.

"அண்ணன் கோவமா இருக்கறாருங்களா?"

"இருக்காரு."

"நெம்ப நல்லவருதானுங்க. ஒரு நாளு சோத்துக்கு அலைய விட்டதில்லீங்க. ஆனா மூணு சீசன்ல ஒரு தடவகூட, வடக்க போறமே, உனக்குத் தோதுப்படுமான்னு கேட்டதில்லீங்க. சம்சாரம் மாசமா இருந்தப்பவும் கேக்கல. புது முதலாளி வண்டி இங்கயேதான் ஓடுதுங்க. அவ்வளவுதானுங்க."

"இத அவருகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமல்ல?"

"சொன்னா இருன்னு சொல்லுவாருங்க. அவரு சொன்னா என்னால மறுத்துப் பேச முடியாதுங்க."

அதை அன்று மாலையே அண்ணனிடம் சொன்னேன். அவர் வண்டிச் சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டார். அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

கிளப்புக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழானது. என் இடத்தில் ஆடியவருக்குத் தொடையில் தசை கிழிந்தது. அவருக்கு மாற்றாக வந்தவரின் கணுக்கால் பிசகியது. சீசன் முடியும் தறுவாய். மேலாளர் மறுபடியும் அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை வீட்டாரை விசாரிக்கவில்லை. ஆட முடியுமா என்று நேராகக் கேட்டார்.

ஏஜெண்ட் போனில் கத்தினார். தெற்கு கிளப்போடு பேச்சு வாய்வார்த்தையாகத்தான் இருக்கிறது, இப்போது அடிபட்டால் எந்த கிளப்பும் இல்லாமல் நிற்பாய், தொடையில் வலி என்று சொல்லிவிடு என்றார். பழைய முட்டியை நினைத்துக்கொண்டேன். மனைவியிடம் சொன்னேன்.

"ஆடுங்க," என்றாள். "ஒக்காந்து ஒக்காந்து உங்க மூஞ்சியே வேற யாருதோ மாதிரி ஆயிருச்சு."

ஆடினேன். பந்து என் காலுக்கு வரும்போதெல்லாம் எங்கள் மைதானத்திலேயே, எங்கள் ரசிகர்களே ஊளையிட்டார்கள். ஊளை பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. முதல் பாதியில், எனக்கும் எதிரணி ஆளுக்கும் சம தூரத்தில் ஒரு பந்து விழுந்தது. நான் சறுக்கிப் போய் எடுக்க வேண்டியது. கால் தானாகப் பின்வாங்கியது. அவன் பந்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே அடித்தான். கோல் விழவில்லை. மாடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. பயிற்சியாளர் மட்டும் கோட்டுக்கு வெளியே அசையாமல் நின்று என்னைப் பார்த்தார். இத்தனை வருட ஆட்டத்தில் என் உடம்பு எனக்குத் தெரியாமல் கணக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

இடைவேளையில் முகத்தைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்காமல் வந்தேன். அதற்குப் பிறகு வந்த பந்துகளுக்குப் போனேன். ஒருமுறை மோதி விழுந்து, புல்லில் கிடந்தபடியே விரல்களையும் கணுக்காலையும் முட்டியையும் அசைத்துப் பார்த்தேன். எல்லாம் அசைந்தன. மிச்ச ஆட்டங்களையும் அப்படியே ஆடி முடித்தேன். கடைசி ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னைக் கட்டிக்கொண்டார். மேலாளர் கை கொடுத்தார். ரசிகர்கள் பக்கம் நான் போகவில்லை. ஒப்பந்தம் தீர்ந்த அன்று எதுவும் நடக்கவில்லை. வீட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மூன்று பேரும் ரயில் ஏறினோம்.

நான் விரும்பியபடியே யாருடைய ஆளாகவும் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன். அந்தக் கோடையில்தான் தெற்கு கிளப்பின் முதலாளிகள் கையை விரித்தார்கள். அடுத்த சீசன் நடக்குமா என்பதே நிச்சயமில்லை, புது ஆட்களை எடுக்கவில்லை என்றார்கள். என் மேல் ஒன்றும் தப்பில்லை, அவர்கள் மேலும் இல்லை. ஏஜெண்ட் முதலில் தினமும் பேசினார், பிறகு எப்போதாவது, பிறகு நான் கூப்பிட்டால் மட்டும். மனைவி திருச்செங்கோட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். மகளும் அங்கேயே. காலையில் அவர்கள் இருவரும் கிளம்பிப் போனதும் நான் ஒரு பள்ளி மைதானத்தில் போய் ஓடுவேன். அந்த வெயிலில் புல்லே இருக்காது, வெறும் சரளை. வழியில் பார்ப்பவர்கள், "என்னங்க தம்பி, லீவுங்களா?" என்பார்கள். ஆமாங்க என்பேன். கிளப்புகள் புது சீசன் பயிற்சியைத் தொடங்கும் ஆடி மாதம் வந்தது. அப்போதும் லீவுதான்.

அண்ணன் ஒருநாள்கூட, அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. ஒரு காலையில் வந்து, "சும்மா ஊட்டுல இருக்கறதுக்கு எங்கூட வா" என்று வெண்ணந்தூர்ப் பக்கம் துளை போட, ரிக் வண்டிக்குப் பின்னாலேயே தன் காரில் கூட்டிப்போனார். வண்டியில் ஒரு புது டிரில்லர் இருந்தான். பகல் முழுக்க அந்த இரைச்சலிலும் வெள்ளைப் புழுதியிலும் நின்றோம். தண்ணீர் வரவில்லை. கிணறு போடச் சொன்ன காட்டுக்காரர் கட்டில் ஒன்றில் உட்கார்ந்து, வெளியே வந்து விழும் கல்தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இறக்கலாமா என்று அண்ணன் கேட்டார். போதும் என்றார் அவர்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"அந்தப் பையனுக்கு ஃபோன் பண்ணுனேன்."

"யாரு, பழைய டிரில்லருங்களா?"

"ம். இந்த வருசம் எந்தப் பக்கம் போலாம்னு நீயே சொல்லு, அப்புடியே வெச்சுக்கலாம்னேன்."

"வாரேன்னானா?"

"வர்லீங்கன்னுட்டான்." கொஞ்ச தூரம் போனபின், "ஆனா நெம்ப நேரம் பேசிட்டிருந்தான். கொழந்தைக்கு மொட்டையடிக்கக் கூப்பிட்டிருக்கறான்," என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "உன்னைய எப்பக் கூப்புடுவாங்க, எதாச்சும் கிளப்புல?" என்று அவரே கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் பெங்களூரில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு சின்ன கிளப் கூப்பிட்டது. ஒரே வருட ஒப்பந்தம். இதற்கு முன் வாங்கியதோடு ஒப்பிடக் கூடாத சம்பளம். பேச உட்கார்ந்தபோது அந்த அறையில் நானும் இருந்தேன். இரவல் அனுப்புவதாக இருந்தால் என் சம்மதம் வேண்டும் என்று கேட்டேன். உன்னை இரவல் கேட்க யார் வரப்போகிறார்கள் என்பது போலச் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மனைவியும் மகளும் திருச்செங்கோட்டிலேயே இருக்கிறார்கள். மகளுக்கு இப்போது ஒரு தோழி இருக்கிறாள், இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் நான் பேருந்து ஏறி வருவேன். முட்டி மடங்காமல் நீட்டிக்கொள்ள ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருவேன். சேலம் வரைக்கும் விழித்திருப்பேன். சங்ககிரி தாண்டுவதற்குள் தூங்கிப்போவேன். பேருந்து நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தோளைத் தட்டுவார்.