பத்திரிகைக்குப் போட்ட கார்டு

என் மாமனாரும் மாமியாரும் கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்குப் போயிருந்தபோது, திருநெல்வேலியில் ஒரு படம் பார்த்தார்கள். அதில் கதாநாயகி யார் என்பதில் முப்பத்தைந்து வருஷமாக அவர்களுக்குள் தகராறு. அத்தை சொல்லும் நடிகை கண்ணுக்காகவே பேர்போனவர். மாமா சொல்கிறவர் பாட்டுக்குப் பேர்போனவர். அவருக்குக் கண் கொஞ்சம் இடுங்கியிருக்கும்.

தூத்துக்குடி வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் இது தொடங்கிவிடும். மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே கத்திப் பேசிப் பழகிய தொண்டை.

"நீ எங்க படம் பாத்தே? பாதியிலேயே தூங்கிட்டேல்லா."

"நான் ஒண்ணும் தூங்கல. நீங்கதான் முறுக்கு வாங்கப் போறேன்னு போயி, திரும்பி வேற கொட்டகைக்குள்ள நொழைஞ்சிருப்பீய."

"ஏளா, ரெண்டு கொட்டகையிலயுமா நீ பக்கத்துல ஒக்காந்திருந்தே?"

அதே கூடத்தில்தான் என் எட்டு மாதக் குழந்தையின் தொட்டில். எடை போதாது, நன்றாகத் தூங்கவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் விழித்து அழும்போதெல்லாம் அரை அவுன்ஸ் குறைந்துவிட்டதாக எனக்குப் பதறும். வாயைத் திறந்து சொல்லவும் பயம். கணவரிடம் சொன்னால், "அவங்க பேசுறதே அது ஒண்ணுதான், விடு" என்று ஷிப்டுக்குப் போய்விடுவார். அப்போது அதைக் கேலி என்று நினைத்தேன்.

அந்தப் படத்தில் கதாநாயகி யார் என்று கேட்டு, ஒரு சினிமாப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்குக் கார்டு போட்டேன். தகராறு தீர்ந்தால் குழந்தை தூங்கும் என்பது காரணம். என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசையும் இருந்தது. அது எவ்வளவு பங்கு என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. சாப்பாடு முடியும்வரை காத்திருந்து, இருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். படம் வெளியான வருஷம், பாட்டு எழுதியவர், எத்தனை நாள் ஓடியது என்று எல்லாம் போட்டிருந்தார்கள். கதாநாயகி மாமா சொன்னவர்தான்.

"கேட்டியா? அச்சுலயே போட்டுட்டான்!" மாமா தொடையில் தட்டிக்கொண்டார்.

"போட்டிருந்தா சரிதான்," என்று அத்தை எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். "அதான் தெரிஞ்சு போச்சே" என்று அத்தை முடித்துவிட்டார். கூடம் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்து மாமா கட்சியே மாறினார்.

"பத்திரிகைக்காரனுக்கு என்ன தெரியும்? நீ சொன்னதுகூட சரியா இருக்கும்ளா."

"விடுங்க. படிச்ச புள்ள எழுதிக் கேட்டிருக்கா."

அன்று அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன். "அத்தை, என்மேல வருத்தமா?"

"ஒன்மேல என்னளா வருத்தம்." கொஞ்ச நேரம் கீரையை உருவினார். "படம் விட்டு நடந்து வரும்போது, 'ஒனக்கு அந்தப் படத்துக்காரி கண்ணு'ன்னு ஒங்க மாமா சொன்னாவ. அதுக்கப்புறம் அப்படி ஒண்ணும் சொன்னதில்ல. இப்பம் பாத்தா அதுல நடிச்சவளுக்குக் கண்ணே சரியில்ல. அப்பம் அவிய சொல்லவே இல்ல போல. நானா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

வேறு ஏதாவது படம் பார்த்துவிட்டு வரும்போது மாமா சொல்லியிருக்கலாம், இரண்டும் கலந்து போயிருக்கும் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே தோன்றியது. அப்போது சொன்னபோது அத்தை சிரித்தார். "பரவால்லளா. மாமாட்ட இதச் சொல்லிராத."

சொல்லிவிட்டேன். அவர் கெட்டவரல்ல, தெரிந்தால் ஏதாவது செய்வார் என்று கணக்குப் போட்டேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியா சொன்னேன்?"

"அத்தை சொன்னாங்க, மாமா."

ரொம்ப நேரம் யோசித்தார். "ஞாபகம் இல்லையேம்மா," என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. ஏன் சொன்னோம் என்று அப்போதே இருந்தது.

மறுநாள் மதியம் அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார். மாமா சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல், ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"அந்தக் காலத்துல ஒன் கண்ணு, நீ சொல்லுவேல்லா அந்த நடிகை, அவ கண்ணு மாதிரிதான் இருக்கும்."

நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். பாடம் சொல்லிக் கொடுத்தது யார் என்று தெரிந்துகொண்ட பார்வை அது. மாமா உண்மையிலேயே நினைவு வந்து சொல்லியிருந்தாலும் இனி அத்தை நம்ப வழியில்லை.

"மோர் ஊத்தட்டுமா?" என்று அவரிடம் கேட்டார்.

"ஊத்து," என்றார் மாமா.