நான் தெரிந்தே பாஸ் போட்ட ஜாக்கெட்

என் கணவர் ஒரு கதை வைத்திருந்தார். நான் தண்ணீருக்குள் ஆமையான கதை. வளைகாப்பு, கிரகப்பிரவேசம், ஆபீஸ் நண்பர் வீட்டுப் பிரியாணி, எங்கே நாலு பேர் கூடினாலும் அதை எடுத்து விடுவார். சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக் காது வரைக்கும் தூக்குவார், கழுத்தை உள்ளே இழுப்பார், கண்ணை உருட்டுவார், "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று என் குரலில் கத்துவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். குமணன்சாவடியில் இருக்கும் என் கொழுந்தன், "அண்ணே, இன்னொருவாட்டி செஞ்சி காட்டு" என்று கேட்டு வாங்கிச் சிரிப்பான். நானும் சிரித்து வைப்பேன்.

நடந்தது இதுதான். பத்தாவது கல்யாண நாளுக்கு அந்தமான் போயிருந்தோம். அங்கே ஒருவர் கையைப் பிடித்துக் கடலுக்கடியில் கூட்டிப் போய் அரை மணி நேரம் மீன் காட்டினார். அந்த அரை மணியில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊர் திரும்பியதும் ஸ்கூபாவை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னவள் நான். "சரி, நானும் வர்றேன்" என்று தொற்றிக்கொண்டவர் அவர். பூந்தமல்லி தாண்டி ஒரு நீச்சல் குளத்தை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாடகைக்கு எடுத்துப் பாடம் நடத்தும் பயிற்சியாளரைத் தேடிப் பிடித்ததும் நான்தான். இந்த விவரமெல்லாம் அவர் கதையில் வராது.

ஸ்கூபாவில் மிதவை ஜாக்கெட் என்று ஒன்று உண்டு. முதுகில் சிலிண்டரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பொத்தானை அழுத்திக் காற்றை ஏற்றினால் மேலே மிதக்கலாம், காற்றை விட்டால் கீழே இறங்கலாம். பயிற்சியாளர் தன் மூட்டையிலிருந்து எல்லோருக்கும் ஒரே அளவில் எடுத்து நீட்டினார். எல்லாம் ஆண் உடம்புக்குத் தைத்தவை. நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆழமான பக்கத்தில் குதித்துக் காற்றை ஏற்றியதும் ஜாக்கெட் மட்டும் தனியாக மேலே கிளம்பியது. தோள்பட்டை இரண்டும் காதில் ஏறின, தாடை அழுந்தியது, முகக் கண்ணாடி நகர்ந்தது, சிலிண்டர் ஒரு பக்கம் சரிந்து என்னையும் சேர்த்துச் சாய்த்தது. தண்ணீரைக் குடித்தேன். ஆமாம், "காப்பாத்துங்க" என்றுதான் கத்தினேன். வேறு என்ன கத்துவார்களாம்?

"மேடம், உங்களுக்குப் பயம் ஜாஸ்தி. இது எல்லாருக்கும் வராது" என்றார் பயிற்சியாளர். அவர் என்னைத் தேற விடவில்லை. என் கணவர் தேறிவிட்டார். குளப் பாடம் தேறியதற்கு அவருக்குக் கொடுத்த அட்டை எங்கள் ஐயப்பன்தாங்கல் ஃப்ளாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டது. தினமும் பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். நாலு மாதம் நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்று நானே நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான் திருப்பூர்க்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்கு ஜாக்கெட் தைத்து அனுப்பும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக அளவு பார்ப்பதுதான் என் வேலை. தைத்து வந்த முதல் பீஸைப் பொம்மைக்கு மாட்டி, அளந்து, இழுத்து, மடக்கிப் பார்த்து பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுவேன். நான் ரிஜெக்ட் போட்டால் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் மாற்ற மாட்டேன். தையல் லைனில் என்னை ராட்சசி என்பார்கள், எனக்கும் தெரியும்.

அந்த நாலாவது மாதம் ஒரு பீஸ் வந்தது. உடம்பு நீளம் இரண்டு இஞ்ச் கூடுதல். வழக்கம்போலத் தோளைப் பிடித்து மேலே தூக்கினேன். காலர் பொம்மையின் கழுத்தைத் தாண்டி ஏறியது. எங்கள் பொம்மைகளுக்குத் தலை கிடையாது. இருந்திருந்தால் அதுவும் காப்பாத்துங்க என்று கத்தியிருக்கும்.

பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அடப்பாவிகளா! பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் உடம்புக்கு அளவு பார்க்கிறவள், என் உடம்புக்குப் பொருந்தாத ஒன்றை மாட்டிக்கொண்டு, தப்பு என் மேல்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்று ரிஜெக்ட் என்று எழுதியதில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

எனக்கென்று சொந்த ஜாக்கெட் வாங்கப் போகிறேன் என்று அன்று மாலையே சொன்னேன். "அப்ப எனக்கும் ஒண்ணு பாக்கலாம்" என்றார் அவர். அடுத்த சனிக்கிழமை வண்டியில் திருமழிசைக்குப் போனோம். எஸ்டேட் உள்ளே ஒருவர் கீழே சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புவார், மாடியில் ஸ்கூபா சாமான் விற்பார். பயிற்சியாளர் கொடுத்த முகவரிதான். என் கைப்பையில் கம்பெனி இஞ்ச் டேப் இருந்தது.

"இன்னாக்கா, காத்து அடிச்சா மெதக்கப் போவுது. இதுல லேடீஸ் இன்னா, ஜென்ட்ஸ் இன்னா?" என்றார் கடைக்காரர்.

"அண்ணா, நீங்க எல்லாத்தையும் எறக்கி வைங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மனிதரை வாட்டி எடுத்தேன். முதலாவதில் வார் இரண்டையும் கடைசி வரை இழுத்தும் தோளில் தளர்ச்சி. இனி இழுக்க இடமில்லை என்றால் அது பெரியது, அவ்வளவுதான். இரண்டாவது தோளில் சரி, மார்பின் குறுக்கே வார் நசுக்கியது. மூன்றாவதில் பூப்போட்ட பட்டை வைத்துப் பெண்களுக்கானது என்று எழுதியிருந்தார்கள், உடம்பு நீளம் மட்டும் அதே ஆம்பளை நீளம், உட்கார்ந்தால் இடுப்பெலும்பில் இடித்தது. நாலாவதுக்குத் தோள் வார் மார்பைச் சுற்றி வளைந்து இறங்கியது. நீளம் என் இடுப்புக்கு மேலேயே நின்றது. கடலில் போடும் ரப்பர் உடையை உள்ளே போட்டுக்கொண்டு மறுபடி மாட்டினேன். காற்றை முழுக்க ஏற்றச் சொல்லி ஆழ மூச்சு இழுத்துப் பார்த்தேன், நெஞ்சை இறுக்கவில்லை. சிலிண்டரைக் கட்டி நிமிர்ந்து மேலே பார்த்தேன், பின்மண்டையில் இடிக்கவில்லை. கடைசியாகத் தோளைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னேன். கடைக்காரர் பலம் கொண்டமட்டும் தூக்கினார். இரண்டு விரல் அளவுக்கு ஏறி நின்றுவிட்டது.

"அக்கா, நான் இத்தினி வருசமா வித்துகினு கீறேன். இப்படி யாரும் பாத்ததில்ல" என்றார். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாலு மாதப் பாரம் அந்த மாடியிலேயே இறங்கிவிட்டது.

அதற்குமேல் என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "அவ ஏன் இவ்ளோ பாக்கறா தெரியுமா?" என்று ஆரம்பித்தார். கதைதான். காலர் தூக்கல், கண் உருட்டல், என் குரல், எல்லாம். புது ஜாக்கெட்டை மாட்டியபடி நான் நிற்கிறேன், என் முகத்துக்கு நேராகவே நடிக்கிறார். கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்ட மனிதர் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்.

சிரித்து முடித்துவிட்டு, "சாருக்கு எம் சைஸ் போதும்" என்றார் கடைக்காரர்.

"எம்மா? நான் சட்டையே எல்லுதான் போடுவேன்" என்றார் இவர். எல் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏய், இது உன் வேலதானே, நீயே சொல்லு. நீ சொன்னா சரி."

அவருக்குச் சட்டை எல் ஆனது தொப்பையால். தோள் எம்தான். பத்து வருடமாக அந்தத் தோளுக்குச் சட்டை எடுக்கிறவள் நான், எனக்கு டேப்பே வேண்டாம். வார் இரண்டும் கடைசி வரை இழுபட்டும் கழுத்தோரம் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நான் பக்கத்தில் போய் வாரைத் தொட்டேன், தோளைத் தட்டினேன், ஒரு அடி பின்னால் வந்து பார்த்தேன்.

"எல்லே நல்லா இருக்குதுங்க. அளவெடுத்துத் தெச்ச மாதிரி" என்றேன்.

என் வாழ்க்கையில் தெரிந்தே நான் பாஸ் போட்ட ஒரே தப்பான பீஸ் அது. குளத்தில் ஒரு தடவை அனுபவிக்கட்டும், அடுத்த வாரம் பயிற்சியாளரோடு புதுச்சேரிக் கடலுக்குப் போவதற்குள் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்து வரும்போது பாட்டு முணுமுணுத்தேன் என்றால் நம்புவீர்களா? முணுமுணுத்தேன்.

மறுநாள் குளத்தில், பயிற்சியாளரிடம் நான் கேட்டு வாங்கிய மறுதேர்வு. கொழுந்தனும் வந்திருந்தான். "அண்ணி, வீடியோ எட்த்து குரூப்ல போட்றேன்" என்றான். எடு ராஜா, நன்றாக எடு என்று நினைத்துக்கொண்டேன். ஆழத்தில் குதித்தேன். காற்றை ஏற்றினேன். தோளில் ஜாக்கெட் அசையாமல் இருந்தது, தாடை தண்ணீருக்கு மேலே சும்மா நின்றது. கீழே இறங்கித் தரையையும் தொடாமல், மேலேயும் போகாமல், பயிற்சியாளர் போதும் என்று சைகை காட்டும் வரை நடுவில் நின்றேன். "பயம் போயிருச்சு போல மேடம்" என்றார். பயமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு தேர்ச்சியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து, புது ஜாக்கெட்டோடு குதித்துப் பார்க்க என் கணவர். நான் தண்ணீரிலேயே துணையாக நின்றேன். தம்பியின் போனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜாக்கெட்டில் முழுக்கக் காற்றை ஏற்றிக்கொண்டு, பெரிய எட்டு வைத்துக் குதித்தார். உடம்பு கீழே போனது, ஜாக்கெட் அங்கேயே நின்றது. தோள்பட்டை காதுக்கு மேலே ஏறிவிட்டது. சிலிண்டர் பின்மண்டையில் இடித்தது, வாயில் கவ்வியிருந்த காற்றுக் குழாய் கழன்றுபோனது. கரையில் கொழுந்தன் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ. அவ்வளவு இனிப்பாக எதையும் நான் பார்த்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கண்ணாடிக்குள் அவர் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண் யாரையும் சிரிக்க வைக்க உருட்டிய கண் இல்லை. ஐயோ என்று ஆகிவிட்டது. பின்னால் போய் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து அவரை மல்லாக்கத் திருப்பினேன், முகம் வெளியே வந்தது. ஏணி வரை இழுத்துப் போனேன். பயிற்சியாளர் தண்ணீரில் இறங்குவதற்குள் அவர் கம்பியைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தார்.

கரையில் உட்கார வைத்துப் பயிற்சியாளர் வாரை இழுத்துப் பார்த்தார். "சார், இது உங்க சைஸே இல்ல. யாரு சார் எல்லு எடுக்கச் சொன்னது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கொழுந்தன் போனைக் கீழே இறக்கினான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நீதானே சொன்ன?" என்றார்.

"ஆமாங்க."

"தெரியாம சொல்லிட்டியா?"

தெரியாமல் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அவரே எனக்காகத் திறந்து வைத்த வாசல் அது. ஆனால் அளவு எனக்குத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்?

"தெரிஞ்சுதாங்க சொன்னேன்."

அவர் மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "கடல்லயும் இப்படியே வுட்டிருப்பியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சொல்வதாகத்தான் இருந்தேன் என்பது உண்மை. அது நாக்கு நுனி வரை வந்தது. நாலு மாதச் சிரிப்புச் சத்தமும் கூடவே வந்தது.

"கடலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்குதுங்க" என்றேன்.

அன்றோடு ஆமைக் கதை நின்றது. யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். ஜாக்கெட்டை அவரே தனியாகத் திருமழிசைக்குக் கொண்டுபோய் எம்முக்கு மாற்றி வந்தார். புதுச்சேரியில் இருவருமாகக் கடலில் இறங்கினோம். இறங்குவதற்கு முன் அவர் வாரைச் சரிபார்த்தது பயிற்சியாளர். நான் கை நீட்டியபோது, "இருக்கட்டும், அவர் பாக்கட்டும்" என்றார் என் கணவர். இப்போது துணிக்கடையில் சட்டை போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் கடைக்காரரிடம்தான் கேட்கிறார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

வருத்தமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. மறுபடி அந்த மாடியில் நிற்க வைத்து அவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டால், எல் என்றுதான் சொல்வேன்.