அவள் பேச்சு மட்டும்

ஊரில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண் குறிக்கிற வேலை. குழந்தை கிடையாது. மனைவி தவறிப்போய் மூன்று வருஷமாகிறது.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதோடு அவளுக்குக் குரல் போய்விட்டது. பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள், விரல் பறக்கும். அதனால் கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் வாயால் பேசுவார், அவள் தட்டிப் பதில் சொல்வாள். ஒரே ஃபைலில் பதினான்கு மாதப் பேச்சு. அவள் போன பிறகு அவர் அதைத் திறக்கவேயில்லை. உள்ளே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் என்னவோ தோன்றி கம்ப்யூட்டரைப் போட்டார். டக், டக் என்று சத்தம். திரை கறுப்பாகவே நின்றது. அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினார். நாலாவது தடவை சத்தம் கூடியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"டிஸ்க்கைக் கழட்டி ஒரு நாள் ஃப்ரிட்ஜில வைங்க, சரியாயிடும்" என்றார் ஆபீஸில் பக்கத்து சீட்காரர். அவர் வைக்கவில்லை. கம்ப்யூட்டரையே துண்டில் சுற்றி, கடைத்தெரு மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த பெண்மணியிடம் கொண்டுபோனார்.

"நல்ல வேளை ஃப்ரிட்ஜுல வைக்கல. ஈரம் புகுந்து அதோட முடிஞ்சிருக்கும்" என்றார் அந்த அம்மா. "எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

"நாலு."

"ஒரு தடவையோட நிறுத்தியிருக்கணும் சார். ஓட ஓட உள்ள கீறல் கூடிக்கிட்டே போகும். முதல்ல டிஸ்க் முழுசையும் அப்படியே வேற டிஸ்க்குல பிரதி எடுத்துடறேன். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் நல்லதை எடுத்துட்டு, கடைசியா அதுக்கு வருவேன். அப்புறம் தேடறதெல்லாம் பிரதியிலதான், இதைத் தொட மாட்டேன். சத்தம் மோசமானா பெரிய லேபுக்குத்தான் அனுப்பணும். இங்க திறந்தா ஒரு தூசி போதும், எல்லாம் போச்சு. என்ன ஃபைல் முக்கியம்?"

"ஒண்ணுதான். வீட்டு விஷயம்."

பத்து நாள் ஆனது. மேஜையில் கம்ப்யூட்டர் இருந்த இடம் தூசி படியாமல் சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். துடைக்கக் கை வரவில்லை.

ஃபைல் கிடைத்தது. நடுவே நாற்பது பக்கம் மட்டும் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. மற்றதெல்லாம் அவள்தான். *போதும், நிறைய போட்டுட்டீங்க. கத்தாதீங்க, போனது குரல்தான், காது இல்ல. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.* எதற்குச் சிரித்தோம் என்று எவ்வளவோ யோசித்தும் பிடிபடவில்லை. அவர் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லையே.

"ரெண்டு பென் டிரைவ்ல பிரதி போட்டிருக்கேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார் அந்த அம்மா. "ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு வேற யார் வீட்லயாவது இருக்கட்டும்."

வேற வீடு. ஒரு வாரம் யோசித்தார். கடைசியில் மனைவியின் தம்பிதான் நினைவுக்கு வந்தான். அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று அடக்கத்தன்று எல்லோர் முன்னும் கத்தியவன். அதோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

அவனே கதவைத் திறந்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது.

"வாங்க மாமா" என்றான், வழி விடாமல்.

"இதைப் பத்திரமா வச்சிரு. உங்க அக்கா டைப் பண்ணிப் பேசினது."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் படிக்கலாமா?"

"உன் அக்காதானேப்பா."

உள்ளே வரச் சொல்லவில்லை. இவரும் நிற்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "மாமா, ஒரு இடத்துல 'அவன் சின்னப் பையன், விட்டுடுங்க'ன்னு இருக்கு. என்னைப் பத்தியா? அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?"

அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல்.

"ஞாபகம் இல்லப்பா" என்றார்.

அவன் போனை வைப்பான் என்று இவர் காத்திருந்தார். அவனும் வைக்கவில்லை.