மஞ்சளாகிப் போன சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குனோங் ராபாட்டிலிருந்து பாக்கியம் அக்காவின் மகன் செல்வம். "சின்னம்மா, அம்மா போயிட்டாங்க" என்றான்.  என் மகள் கமலா காரை எடுத்தாள். வழி நெடுக எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார் மீது கோபம் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

பாக்கியம் அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அவரைப் 'படக்காரி' என்றுதான் சொல்வார்கள். துக்க வீட்டிலும் அந்தப் பெயர்தான் அடிபட்டது. கமுந்திங்கிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் இளவட்டங்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, "ஜப்பான்காரன் காலத்துல இவங்க போட்ட படத்த நம்பி ஒரு புள்ள செத்துப் பொழச்சிச்சு, தெரியுமா? நல்ல மனுசிதான். ஆனா அந்த ஒரு தப்பு பண்ணிட்டாங்க லா" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என் கமலாதான். அந்த அம்மாளுக்கே அவள் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகத் திறக்காத வாய்.

அக்காவின் தலையில் நான் ஏற்றி வைத்த பழி அது. அதை இறக்கத்தான் இதை எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

ஜப்பானியர் எங்கள் கணவன்மார்களை ரயில் பாதை போடச் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது எங்கள் லய வரிசையில் ஐந்து வீடுகள் ஆண் இல்லாமல் நின்றன. வெள்ளைக்காரத் துரை முன்பே ஓடிவிட்டிருந்தார். பால்வெட்டு இல்லை, அரிசி இல்லை. நாங்கள் ஐந்து பெண்கள், ஆறு பிள்ளைகள். லாரி கிளம்பிப் போன தூசி அடங்குவதற்குள் பாக்கியம் அக்கா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய செல்வம் அப்போது கைக்குழந்தை. என் கமலாவுக்கு மூன்று வயது. நாங்கள் நால்வரும் அழுதுகொண்டிருந்தோம். அவர் அழவில்லை. "பதினோரு தலை இருக்கு புள்ளைங்களா. அவங்க திரும்பி வந்து எண்ணிப் பாக்குறப்ப ஒரு தலை கொறையக் கூடாது. அவ்ளோதான். மத்ததெல்லாம் பெறவு பாத்துக்கலாம்" என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் போதும், நடக்கிற கோழி அப்படியே நிற்கும். எங்கள் ஐவரில் ஒருத்தியான ரோசம்மா பசிக்கு எதையோ பறித்துத் தின்று இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டபோதுதான் படம் போட ஆரம்பித்தார். ஆபீசில் கிடந்த, வேலையாள் வருகை குறிக்கும் பழைய செக்ரோல் தாள்களைக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் தோட்டத்தில் முளைக்கும் கீரைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். தின்னக் கூடிய கீரைக்குப் பக்கத்தில் ஒரு சோற்றுத் தட்டு. தின்னக் கூடாததற்குப் பக்கத்தில் நாக்கைத் தள்ளிக்கொண்டு ஒரு முகம். முறுக்கு மீசையும் ஒற்றைப் புருவமுமாக அது தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணியின் முகம்! அந்த மனிதர் ஒருநாள் வந்து படத்தைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். "விஷம் தின்னவன் ஐயா" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். நாங்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஓடினோம்.

லயத்துக்குப் பின்னால் மரங்கள் சாய்ந்து வெட்டவெளியாகக் கிடந்த இடத்தை ஐந்து பேருமாகக் கொத்தினோம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, பூசணி. ஓரத்தில் அக்கா கனகாம்பரம் வைத்தார். ரோசம்மா விடவில்லை. "அக்கா, இது என்னா, பொரியல் பண்ணவா?" என்றாள். "ஆம்பளைங்க வர்ற அன்னிக்கு வெறுந்தலையோடவா போயி நிப்ப?" என்று கேட்டுவிட்டு அக்கா தண்ணீர் ஊற்றினார். அந்தப் பூவுக்கு அவர் ஒருநாள் கூடத் தண்ணீர் தவறவிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து வீடும் ஒன்றாக உட்கார்ந்து பலகாரம் தின்ன வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். முறை வைத்து ஒருத்தி செய்வாள். மரவள்ளிப் புட்டு, துருவிய கிழங்கில் தேங்காய் கலந்து வாழையிலையில் மடித்து அவித்த கொழுக்கட்டை, சீனி இல்லாத பூசணிப் பாயசம் என்று அது ஏதாவது ஒன்றாக இருக்கும். முறை இல்லாதவள் ஒரு பிடித் தேங்காய்ப் பூவாவது கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வரக் கூடாது. "வவுத்துக்கு மட்டும் தின்னா நாம ஆடு மாடு. கூடி உக்காந்து தின்னாத்தான் மனுசங்க" என்பார். என் முறை வந்த இரண்டு தடவையும் கிழங்கு வேகாமல் கல்லாகி, ரோசம்மா, "சரசு வூட்டுப் பலகாரத்த சயாமுக்கு அனுப்புனா தண்டவாளத்துக்கு ஆவும் லா" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். மூன்றாவது தடவை ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மரவள்ளியில் இரண்டு ஜாதி நட்டிருந்தோம். ஒன்று நல்லது, அப்படியே அவித்துத் தின்னலாம். இன்னொன்று கசப்புக் கிழங்கு. துருவி, இரண்டு நாள் ஊறவைத்து, பிழிந்து தண்ணீரைக் கொட்டினால்தான் தின்னலாம், இல்லாவிட்டால் விஷம். ஆனால் அது மானாவாரியாக விளையும், பன்றியும் தோண்டாது. பசி நாளில் அதையும் விட முடியவில்லை. செடியைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அக்கா தோட்டத்தையே படமாகப் போட்டு, சுவரில் மாட்ட வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். தேங்காய் ஈர்க்கின் நுனியை மென்று அதையே தூரிகையாக்கி, நல்ல கிழங்கு வரிசைகளுக்கு மஞ்சள் கோடும், கசப்பு வரிசைகளுக்குச் சிவப்புக் கோடும் இழுத்திருந்தார். அழகான படம். பூசணிக் கொடியில் ஒரு தவளை கூட உட்கார்ந்திருக்கும்.

சிவப்புக்கு வேறு எங்கே போவது? மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தார். ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சிவப்புதான் அது. ஆனால் ஆரத்தித் தண்ணீரைச் சுற்றியவுடன் வாசலில் ஊற்றிவிடுகிறோம். மாதக் கணக்கில் வைத்துப் பார்த்தவர் யார்? காற்றுப் பட்டுப் பட்டு, அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. தினமும் பார்க்கிற சுவர் ஆதலால் ஒருத்திக்கும் அது கண்ணில் படவில்லை.

என்னுடைய மூன்றாவது முறை வந்தது. காலையில் ஒரு வரிசையில் கிழங்கு பிடுங்கினேன். படத்தில் அந்த வரிசை மஞ்சளாக இருந்தது. துருவி, தேங்காய் சேர்த்து, இலையில் மடித்து அவித்தேன். கமலா பசியில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாயங்காலம் வரை பொறுக்க மாட்டாள் என்று ஒரு கொழுக்கட்டையை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு கண் செருகிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடிவந்தார். மிச்சக் கொழுக்கட்டையை ஒரு கடி கடித்துத் துப்பினார். சுவரைப் பார்த்தார். "ஐயோ, செவப்பு போயிருச்சே புள்ள!" என்றார். 

செல்வத்தை ரோசம்மாவின் இடுப்பில் வைத்துவிட்டு, கமலாவைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நடந்தார் என்றா சொன்னேன்? நான் பின்னால் ஓடியும் எட்டவில்லை. ஆறு மைல். பாலத்தடியில் ஜப்பானியச் சிப்பாய் நின்றான். குழந்தையை இறக்கிவிட்டு இடுப்பு வளையக் கும்பிட வேண்டும் என்பது அவன் சட்டம். அக்கா குழந்தையை இறக்காமலே குனிந்தார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தோளில் இருந்த பிடியை விடாமல் இன்னொரு தரம், இன்னும் தாழக் குனிந்துவிட்டு, அவன் முகத்தைக் கூடப் பார்க்காமல் நடந்தார். டாக்டருக்கு உதவும் ஆஸ்பத்திரி டிரெசர் வயிற்றைக் கழுவிவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார். மறுநாள் கமலா கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

லயத்துக்குத் திரும்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் கூடி நிற்கையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "படம் போடுறேன் படம் போடுறேன்னு எம் புள்ளையக் கொல்லப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். மரியாதை கூடப் போய்விட்டது. கன்னத்தில் அந்த அறையின் வீக்கத்தோடு நின்றிருந்தார். "ஆமா சரசு. நான் செஞ்ச தப்புதான்" என்றார். அவ்வளவுதான். ஒரு சாக்கு, ஒரு சமாதானம் சொல்லவில்லை. அன்றைக்கே ஐந்து வீட்டுச் சுவரிலிருந்தும் படங்களைக் கழற்றினார். ஒடிந்துபோய் உட்காரவில்லை. உட்கார்ந்து மறுபடியும் வரைந்தார். இந்த முறை சாயமே கிடையாது, வெறும் கரிதான். கசப்பு வரிசை தோறும் கிராணியின் முகம். செடிகளின் தண்டில் தேங்காய் நார் முடிச்சு. அதோடு, "இனிமே யாரு அவிச்சாலும் மொதத் துண்டு என் நாக்குலதான்" என்று இன்னொரு சட்டம் போட்டார்.

நான் இரண்டு வெள்ளிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவரே ஓர் இலைப் பொட்டலத்தோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து, பாதியைத் தின்று முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மீதியை என் பக்கம் தள்ளினார். "எனக்கு ஒண்ணும் ஆவல. சாப்புடு. கோவத்த வேணும்னா வச்சுக்க, பட்டினி கெடக்காத" என்றார். நான் தின்றேன். அடுத்த வாரம் போய் உட்கார்ந்தேன்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். ஐந்து பேரில் இரண்டு பேர். என் கணவர் எலும்பும் தோலுமாக வந்தார். அக்காவின் கணவர் வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் போய்விட்டதாக என் கணவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய் எங்கள் எல்லாரையும், பிள்ளைகளையும், வாசலில் வரிசையாக நிறுத்தி, தானும் கடைசியில் நின்றார். "எண்ணிக்க தம்பி" என்றார். என் கணவர் விரலை நீட்டி எண்ணினார். பதினொன்று. "செரியா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் அழுதார்.

அதற்குப் பிறகு தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். அக்கா மகனோடு குனோங் ராபாட் போனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கமலாவைப் பார்த்தால் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். "பெரியம்மா கையால ஒனக்கு ஒரு கெடுதி வந்துச்சு. மனசுல வச்சுக்காத கண்ணு" என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும்! பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன் நான்.

இப்போது கேளுங்கள். அன்றைக்குக் கிழங்கைத் துருவும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். கசந்தது. லேசாக அல்ல, நன்றாகவே கசந்தது. துப்பிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மஞ்சள் இருந்தது. ஊறவைத்துப் பிழிய இரண்டு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை போய்விடும். மறுபடியும் ரோசம்மா வாயில் விழ வேண்டும். படத்தில் மஞ்சள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கசப்புத் தெரியாமல் இருக்க இன்னும் கொஞ்சம் தேங்காயை அள்ளிப் போட்டேன். தெரிந்தேதான் என் பிள்ளைக்குக் கொடுத்தேன். சாயம் அக்காவை ஏமாற்றியது. என்னை எதுவும் ஏமாற்றவில்லை. அக்காவுக்கு இது தெரியாது. தெரிய விடாமல் பார்த்துக்கொண்டேன். காரில் போகும்போது வந்த கோபம் என்மீதுதான்.

தகனம் முடிந்து திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமலாவே இப்போது பேரன் பேத்தி எடுத்தவள்.  "பெரியம்மாகிட்ட ஏம்மா சொல்லல?" என்றாள்.  பிறகு வண்டியை எடுத்துக்கொண்டே, "பதினாறாம் நாள் எல்லாரும் வருவாங்க. அந்தக் கமுந்திங் அம்மாவும் வருவாங்க. எந்திரிச்சு நின்னு சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள். சொல்வேன். காகிதத்தில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

அக்காவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று செல்வம் என்னைக் கேட்டான். இல்லை. ஒரு தாள் மிச்சமில்லாமல் கரையான் தின்றுவிட்டது. நான் கசப்பென்று தெரிந்தே ஊட்டிய பிள்ளையை அக்கா ஆறு மைல் தோளில் சுமந்து கொண்டுபோய், மறுநாள் உயிரோடு என் மடியில் போட்டார். அவருடையது என்று என்னிடம் இருப்பது கமலா ஒருத்திதான்.