நர்சம்மா திருப்பித் தராத பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை, நான் கம்பவுண்டராக இருக்கும் திருத்தணி ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. மணவூரிலிருந்து வந்த ஒருவர் வரிசையில் நிற்காமல் நேரே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதட்டுவதற்கு வாயெடுத்தேன். "நர்சம்மா பூட்டாங்க சார். விடியக்காலைல" என்றார். கையில் இருந்த ஒரு குப்பியில் இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். யாருக்கு ஊற்றினேன் என்பது மறந்துபோயிற்று. வரிசையில் நின்ற பெண்கள் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். என் தாயார் அழவில்லை. ஆறு வயதுக் குப்புவை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு, "ஐயையோ, தவிடு குடுக்கலியேடா! புள்ள இன்னும் அவங்களதுதானே! இப்ப யாரு கிட்டருந்து வாங்குறது?" என்றாள்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நர்சம்மாவை அறிந்தவர்களுக்குப் பாதி புரியும். மீதியைச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோவிந்தம்மாள் என்கிற பெயர் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது. திருத்தணி மலையடிவாரத்திலிருந்து அம்மையார்குப்பம் தறிக்காரர் தெருவரை எல்லோருக்கும் அவர் நர்சம்மா. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையது. புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்தவர்; கல்யாணமான மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். இருபது வயதில் தாலியறுத்த பெண்ணைப் பட்டணத்துக்குப் பிரசவம் பார்க்கப் படிக்க அனுப்பியது யார் என்று ஒருமுறை கேட்டேன். "யாரு அனுப்புவாங்க? நானேதான் ரயிலேறிப் போனேன். டிக்கெட்டுக்கு மூக்குத்தி இருந்துது" என்றார். அந்தப் படிப்பைக் கொண்டுதான் மணவூரில் தம்பியை ஆளாக்கி, அவருக்குக் கல்யாணம் செய்து, அவர் பிள்ளைகள் நால்வரையும் கரையேற்றினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டியில் கூடையோடு மணவூர் போவார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி திறக்கும்போது வாசலில் நிற்பார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவரை, உலகச் சண்டை வந்து சின்ன நர்சுகள் பட்டாளத்துக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார்கள். எழுபது வயதை நெருங்கி வந்து சேர்ந்தவர், படுக்கையில் விழும்வரை போகவில்லை.

யார் வந்தாலும் முதலில் கையை முகர்ந்து பார்ப்பார். சோப்பு வாசனை வரவில்லையென்றால் பிரசவ அறைப் பக்கம் விடமாட்டார். ஒரு முறை தாசில்தார் தம் மகளைப் பார்க்க வந்தபோது, அவர் கையையும் பிடித்து முகர்ந்துவிட்டார். நான் ஓடிப்போய், தாசில்தார் என்று ஜாடை காட்டினேன். "தாசில்தாரா இருந்தா என்ன நைனா, எல்லார் கையும் ஒரே எடத்துக்குத்தானே போவுது" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார். தாசில்தார் பேசாமல் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் திட்டுவது தெலுங்கில், தேற்றுவது தமிழில். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷன்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளேயிருந்து தெலுங்கு கேட்டால் நிம்மதியாகப் பீடி பற்ற வைப்பார்கள். தமிழ் கேட்டால் பீடியை எறிந்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கைக் கரையில் காலரா ஊசி போட மேஜை போடுவோம். ஒரு வருஷம், கன்னத்தில் அலகு குத்திக் காவடியோடு வந்த ஆள் ஊசியைக் கண்டதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். வாயைத் திறக்க முடியாது, கண்ணாலேயே கெஞ்சினார். "ஏமய்யா, கன்னத்துல இம்மாம் பெரிய வேலக் குத்திகினு ஆடிகினு வர்றே. இந்தத் துளியூண்டு ஊசிக்கு அழுவுறியே! மேல இருக்கிறவரு பார்த்தா சிரிக்க மாட்டாரா?" என்றார் நர்சம்மா. சுற்றி நின்ற ஜனம் சிரித்தது. அந்த ஆளும் அலகோடு சிரிக்கப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.

இனி தவிட்டுக்கு வருகிறேன். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில் மறுபடி ஒன்று பிறந்தால், அதை முறத்தில் கிடத்தி வாசலில் வைத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். உடனே தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இது எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எமனுக்குப் போக்குக் காட்டுகிற வேலை. அந்த வேறொருத்தியாக நர்சம்மாவைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அவருக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. கல்யாண வீட்டில் எதிரே வரக் கூடாது என்று அவரை ஒதுக்கியவர்கள்கூட இதற்கு மட்டும் அவரைத் தேடி வந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். அவர் அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டதில்லை.

வழக்கத்தில் அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. பிள்ளையை உடனே திருப்பித் தரமாட்டார். முதன்முதலில் இதைச் செய்தது அம்மையார்குப்பத்தில். ஒரு தறிக்காரர் வீட்டில் இரண்டு குழந்தைகள் போய் மூன்றாவது பிறந்திருந்தது. தவிட்டை நீட்டியவர்களிடம், "இன்னிக்குக் குடுக்கிறதா இல்ல" என்றுவிட்டார்.

"தொப்புள் காஞ்சு விழட்டும். அதுவரைக்கும் இது என் புள்ள. என் புள்ளைக்குச் சேனைன்னு சக்கரத் தண்ணி வேணாம், விளக்கெண்ண வேணாம், வயித்துல சூடு போட வேணாம். கை கழுவாம யாரும் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா தூக்கிகினு பூடுவேன்."

அவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவர்களே அவர்கள்தானே. ஆஸ்பத்திரியில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் நடக்காத காரியம் இப்படி நடந்தது. மாதம் ஒன்று கழித்து அந்தத் தறிக்காரர் தவிட்டோடு தாம் நெய்த துண்டு ஒன்றையும் கொண்டுவந்தார். துண்டு நர்சம்மாவின் தம்பிக்குப் போயிற்று. தவிடு அவர் வீட்டு எருமைக்கு. அதன்பின் எத்தனையோ வீடுகளில் இதே கதை. "ஊர்ப் புள்ளைங்க புண்ணியத்துல என் எருமைக்குத்தான் யோகம்" என்று சிரிப்பார்.

என் வீட்டுக் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். எனக்கு முதல் இரண்டு குழந்தைகளும் குறைமாதத்தில் போயின. மூன்றாவது ஆண் குழந்தை, நிறைமாதத்தில் கொழுகொழுவென்று பிறந்தது. நர்சம்மா அந்த வாரம் தம்பி மகளின் பிரசவத்துக்கு மணவூர் போயிருந்தார். இரண்டாம் நாள் என் தாயார் குழந்தையின் தொப்புளில் வறட்டிச் சாம்பல் வைத்தாள். கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் வைத்தாளாம். அவள் வைத்ததை நான் பார்த்தேன். சாம்பல் வைத்தால் ஜன்னி வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி, புண் கழுவ மருந்து கலந்து கொடுக்கிற கம்பவுண்டர், என் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் நாள் குழந்தையின் தாடை இறுகிக்கொண்டது. பத்தாம் நாள் போய்விட்டது.

நர்சம்மா எட்டாம் நாளே ஓடி வந்து தொப்புளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று, கத்தரிக்கோல்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"சாம்பல் வச்சப்ப நீ பார்த்தே இல்ல நைனா?"

"பார்த்தேம்மா."

"வேணாம்னு சொல்லலாம் இல்ல?"

"எங்க அம்மா கிட்ட எப்படிம்மா சொல்றது..."

தெலுங்கில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடுப்பைத் தணித்தார்.

குப்பு பிறந்தது சண்டைக் காலத்தில், விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷம். நல்லவேளை, பட்டப்பகலில் பிறந்தாள். என் தாயாரே முறத்தில் கிடத்தி நர்சம்மாவிடம் கொடுத்தாள். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை சடங்கு என்று முணுமுணுத்த உறவுக்காரி ஒருத்தியை நர்சம்மா தெலுங்கிலேயே வாசலுக்கு அனுப்பிவைத்தார். பிறகு தினமும் வந்தார். தொப்புளைப் பார்ப்பார், என் தாயாரின் கையை முகர்ந்து பார்ப்பார். "என் பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

தொப்புள் விழுந்தது. என் தாயார் தவிட்டோடு போனாள். "தலை நிக்கட்டும்" என்றார். தலை நின்றது. "அம்மை குத்தி ஆவட்டும்." அதுவும் ஆயிற்று. "பல்லு மொளைக்கட்டும். நடக்கட்டும்." மற்ற வீட்டுப் பிள்ளைகளை மிஞ்சினால் மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுத்தவர், எங்கள் குப்புவை மட்டும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். வருஷம் ஏற ஏற என் தாயாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அவங்களுக்கும் வயசாயிகினே போவுது. நீ போய்க் கேளுடா" என்று என்னைத் துரத்துவாள்.

ஒரு நாள் கேட்டேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கட்டுத்துணிகளை வெயிலில் உலர்த்தி மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

"குடுத்துட்டா அப்பறம் அந்த வீட்ல குப்புக்காகப் பேச ஒரு ஆளு வேணும். நீ பேசுவியா நைனா?"

நான் ஒரு கட்டுத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"ஆங், அதான். நீ வாயத் தொறக்கிற அன்னிக்கு வா. தவிடுகூட வேணாம், சும்மாவே குடுக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தமிழில்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகும் நான் பேசவில்லை. அவர் இருக்கிறார் என்ற தைரியம். போன தையில் படுத்துவிட்டார். தம்பி வந்து மணவூருக்கு அழைத்துப் போனார். வண்டி ஏறும்போது குப்புவின் கையை முகர்ந்து பார்த்து, "சோப்பு போட்டியா கண்ணு?" என்று கேட்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் நால்வரும் முற்பகல் வண்டியைப் பிடித்தோம். என் தாயாரின் மடியில் தவிட்டு மூட்டை. அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூரில் இறங்கினால், எங்கள் ஊரே அந்த வண்டியில்தான் வந்திருக்கிறது. பந்தலுக்கு அடியில் கிடத்தியிருந்தார்கள். கார்பாலிக் சோப்பிலேயே வெளுத்துப்போன அந்த விரல்களைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை எனக்கு வந்தது.

என் தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கால்மாட்டில் மூட்டையை அவிழ்த்தாள். நர்சம்மாவின் தம்பியைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்குப் பதிலா உங்க கையால குழந்தையைக் குடுங்க. எடுக்கறதுக்கு முன்னால வாங்கிக்கிறோம்" என்றாள். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். குப்பு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்மா" என்றேன்.

"என்னடா?"

"வாங்க வேணாம். குப்பு அவங்க பொண்ணாவே இருக்கட்டும்."

"செத்தவங்க பொண்ணாவா? கூப்பிட்டுகினு பூட்டாங்கன்னா?"

"உசுரோட இருந்தவரைக்கும் ஒரு புள்ளையையும் போவ விடாதவங்கம்மா. செத்தப்பறமா கூப்பிட்டுகினு போவாங்க? நம்ம வீட்ல போனது எதனாலேன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்னிக்கே நான் உன் கையைப் பிடிச்சிருக்கணும்."

என் தாயார் மூட்டையை மறுபடி முடிந்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். என் மனைவி குப்புவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மகள் முறைக்கு முதல் வாய்க்கரிசி குப்பு போட்டாள்.

நர்சம்மா சொன்னபடி பார்த்தால், அன்றைக்குப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

அவர் பையையும் கத்தரிக்கோல்களையும் தம்பி ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார். நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. எனக்கென்று அவர் விட்டுப்போனது அவருடைய பெண்ணும், அவளுக்காகத் திறந்த இந்த வாயும்தான். நேற்றுக் குப்புவுக்கு இருமல். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, என் தாயார் மருந்து உரசுகிற கல்லை எதிரே வைத்துக்கொண்டு, ஒன்றையும் உரசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நர்சம்மா புள்ளையாச்சே. என்ன குடுக்கறதுன்னு நீ சொல்லுப்பா" என்றாள்.

சொன்னேன்.