பட்டில் வடிகட்டிய எண்ணெய்

எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு ஒரு எல்லை இருந்தது. சமையற்கட்டு வாசற்படிதான் அது. அதைத் தாண்டி ஒரு சொட்டுகூடக் கூடத்துக்குள் வரக் கூடாது. கூடத்தில் தறி இருந்தது. தறியில் எப்போதும் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுப்புடவை பாதி வளர்ந்த நிலையில் இருந்தது. முறுக்குத் தின்றால் பின்பக்கம் போய்ச் சீயக்காய் போட்டுக் கை கழுவ வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்தால் குளித்து முடிக்கிறவரை கிணற்றடியிலேயே கிடக்க வேண்டும். ஒருமுறை பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், எண்ணெய் வழியும் தலையைத் தறிப் பக்கத்துத் தூணில் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசினார். அப்பா தலையாட்டிக்கொண்டே தூணைப் பார்த்தபடி இருந்தார். வந்தவர் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா கடலை மாவைக் குழைத்து வந்து தூணைத் தேய்த்துக் கழுவினார். சின்ன காஞ்சிபுரத்தில் தூணைக் குளிப்பாட்டிய வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் என் தங்கை பிறந்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் நாள் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் இருந்து, கொஞ்சம் எடை கூடியபின்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பாதம் என் ஆள்காட்டி விரல் அளவுக்குத்தான் இருந்தது. தோல் வறண்டு உரிந்துகொண்டிருந்தது. யார் தொட்டாலும் வீறிட்டு அழுதாள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததால் குனிந்து நிமிர முடியாது. அதனால் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, முசரவாக்கத்திலிருந்து இரண்டு பை நிறையத் தேங்காயோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள்.

பெரியம்மாவுக்குப் பாசமும் அதிகம், கைவேகமும் அதிகம். விளக்கெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுச் சூடாக்கி, சப்பாத்தி மாவு பிசைகிற சுறுசுறுப்போடு தங்கையைத் தேய்த்தாள். "இப்படி இழுத்து வுட்டாத்தான் எலும்பு ஒரம் ஏறும்" என்றாள். தங்கை அழுத அழுகையில் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அவள் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் அம்மா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "கற்பூரம் போட்டீங்களா? கொழந்தைக்கு அது விஷம்மா! இனிமே கிட்டவே கொண்டுவராதீங்க" என்று சத்தம் போட்டார். பெரியம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பிறகு நர்ஸ் அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, தோல் ஆறியதும் வெறும் தேங்காய் எண்ணெய் போதும், வீட்டில் காய்ச்சியதாக இருந்தால் நல்லது, முதலில் காலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், அழுத்தாமல் தடவினால் போதும், பிள்ளை முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து, "நீங்களும் செய்யலாம் சார். அப்பா கை பழகணும்ல?" என்றார். அப்பா சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

அதை நான் பார்த்தேன். அதற்கு முன்பும் பார்த்திருந்தேன். தங்கை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா அவளைத் தொடவே இல்லை. தூளிக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலை கேட்கப் பயந்து கடைப் பொருளைப் பார்க்கிறவர் போல எட்டிப் பார்ப்பார். அம்மா "கொஞ்சம் வாங்கிக்கங்களேன்" என்று நீட்டினால், தறியில் ஏதோ இழை அறுந்துவிட்டது என்று போய்விடுவார். அந்த மாதத்தில் எங்கள் தறியில் அறுந்த இழைகளுக்குக் கணக்கே இல்லை.

காரணத்தைப் பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் கிணற்றடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவதும் பொண்ணா பூடுச்சில்ல? மனசு ஒடிஞ்சி பூட்டாரு. வெளிய காட்டிக்க மாட்டேங்கறாரு, அவ்ளோதான்."

அது என் காதில் விழுந்தது. இரண்டாவது பெண்ணைத் தொட மனசில்லை என்றால், முதல் பெண்ணை மட்டும் தொட மனசிருந்திருக்குமா? நான் பிறந்தபோது அப்பா என்னைத் தூக்கினாரா? அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்று பயந்து கேட்காமல் இருந்தேன்.

எண்ணெயைத் தானே காய்ச்சுவதாக அப்பா சொன்னபோது பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் காதில் வாங்காமல் தேங்காயைத் துருவி, அரைத்து, பால் பிழிந்து, இரும்புச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பிறகு எந்த நெசவுக்காரரும் செய்யக்கூடிய தப்பைச் செய்தார். "கொதிக்கறதுக்குள்ள இந்த ஒரு மயில முடிச்சிட்டு வந்துடறேன்" என்று தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். புடவைக் கரையில் மயிலுக்குக் கழுத்து வந்தது. தோகை வந்தது. தோகையில் கண்ணும் வந்தது. கடைசியாகத் தீய்ந்த வாடை வந்தது.

கூடமெல்லாம் புகை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூளிக்கு ஓடினாள். பெரியம்மா அடுப்புக்கு ஓடினாள். அப்பா போர்வையை உருவிக்கொண்டுவந்து தறியின் மேல் போர்த்தி, புகை படாமல் புடவையை மூடினார். யார் எதற்கு ஓடினார்கள் என்பதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன். பெரியம்மாவும் வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது. கரிந்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொடவைய காபந்து பண்ணத் தெரியுது. புள்ளய தூக்கத் தெரியல" என்றாள்.

அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தறி காரணமில்லாமல் நின்றால் விசாரிக்க ஆள் வந்துவிடும். எதிர்வீட்டுத் தாத்தா வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னாபா, தறி சத்தத்தயே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. எண்ணெ காய்ச்சிக்கினு இருக்கேன்."

"எண்ணெயா? ஒன் வூட்லயா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தெரு முழுக்கச் சொல்வதற்காக வேகமாகப் போனார்.

அப்பா அடுப்பை விட்டு அசையவில்லை. தீயைக் குறைத்துக் குறைத்து வைத்து, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். பால் வற்றிக் குழம்பாகி, குழம்பு திரிந்து, திரிந்ததெல்லாம் பொன்னிறமாகிற நேரத்தில் ஓரத்தில் தெளிவாக எண்ணெய் தலைகாட்டியது. வீடே பாயசம் வைத்த மாதிரி மணத்தது. அவ்வளவு தேங்காய்க்கும் சின்னக் கிண்ணம் கொள்ளும் எண்ணெய்தான்.

ஆறியதும் வடிகட்டப் பெரியம்மா பழைய வேட்டித் துணியைக் கொண்டுவந்தாள். அப்பா அதை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "வேணாங்க்கா. இதுல திப்பி எறங்கும், கொழந்த தோல்ல உறுத்தும்" என்றவர், எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். தறியில் பாவு நூல் முடியும்போது மிஞ்சிய வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றை அதில் வைத்திருந்தார். நான் தொட்டாலே திட்டு விழும் துண்டு அது.

"அய்யோ, பட்டுங்க அது!" என்றாள் அம்மா.

அப்பா அதைக் கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, எண்ணெயைச் சாய்த்து ஊற்றினார். வெள்ளைப் பட்டு நனைந்து கண்ணாடியானது. அதன் வழியே சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கியது. எனக்கு அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. சட்டியில் தங்கிய கசண்டில் வெல்லத்தைக் கலந்து உருட்டி என் கையில் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அதற்குப் பிறகே நம்பினேன். அந்த இனிப்புக்கு ஈடாக இன்றுவரை எந்த ஸ்வீட் கடையிலும் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த எண்ணெய் தங்கைக்கு ஒத்துக்கொண்டது. வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கி, அம்மா மெல்லத் தடவினாள். பெரியம்மா அவளாகவே வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். தோல் உரிவது நின்றது. அழுகையும் குறைந்தது. ஆனால் அப்பா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பதோடு சரி. எண்ணெய் காய்ச்சத் தெரிந்தவருக்குப் பிள்ளையைத் தூக்க மட்டும் ஏன் மனசு வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் அவர் கிணற்றடிக்குப் போவது அப்போது வழக்கமாகியிருந்தது. கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சீயக்காய் போட்டுக் கழுவித் துடைப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒற்றைப் பட்டு இழையை எடுத்து உள்ளங்கை மேல் வைத்து மெதுவாக இழுப்பார். இழை எங்காவது சிக்கி நிற்கும். உச்சுக்கொட்டிக்கொண்டு மறுபடி எண்ணெயைத் தொடுவார். அந்த நாட்களில் பகலில் தறியில் உட்காரும்போது வலது கையில் துணி சுற்றியிருப்பார். தறி எங்கேயோ வெட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாப்பா பண்ற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நூல் பாக்கறேன்மா" என்றார்.

நெசவுக்காரர் நூல் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று நான் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இழை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்பா நம்பாமல் மறுபடி இழுத்துப் பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். பிறகு எழுந்து நேராகச் சமையற்கட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம், "குடு" என்றார்.

அம்மா தங்கையை அவர் காலின் மேல் கிடத்தினாள். கிண்ணத்தில் விரலை நனைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவள் கால்மேல் வைத்தார். தங்கை அழுவதற்காக வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு சிறிது நேரம் அப்பாவையே பார்த்தாள். அப்புறம் அந்த வாயாலேயே ஒரு கொட்டாவி விட்டாள்.

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் போய் அப்பாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து என் காலையும் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் பாதத்திலும் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டார். அன்று எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கிணற்றடியில் கேட்டதையெல்லாம் மறந்துவிட்டேன்.

போன மாதம் சென்னையில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா மடியில் எண்ணெய்ப் பாட்டில். பட்டில் வடிகட்டியதா என்று நான் கேட்கவில்லை. தெளிவைப் பார்த்தாலே தெரிந்தது. வந்ததும் வராததுமாக என் கணவரைக் கூப்பிட்டு, "கைய நீட்டுங்க மாப்ள" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டு இழை வெளியே வந்தது. நாளெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டுகிற கை; இழை தடையில்லாமல் ஓடியது. "ஒங்களுக்குப் பிரச்சன இல்ல" என்றார் அப்பா கொஞ்சம் பொறாமையோடு. தன் கையில் இழுத்துப் பார்த்தார். இன்னும் தறி போடுகிற கை. உள்ளங்கையின் முதல் மேட்டிலேயே சிக்கியது. "எனக்கு நாலு நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெயை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"என்னம்மா இது?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா சிரித்தாள். "நீ பொறந்த சேதி கேட்டதும் தறிலேர்ந்து அப்படியே எகிறிக் குதிச்சி ஓடியாந்தாரு. எங்கிட்டகூட ஒரு வார்த்த பேசல. ஒன்ன வாரி எடுத்து ஆசையா கன்னத்தத் தடவினாரு. கை காய்ப்பு பட்டு கோடு போட்ட மாதிரி கீறிப்பூடுச்சி. நீ கத்தின கத்துல அவரு அழுதுட்டாரு. நாலு நாள்ல ஒனக்கு ஆறிப்பூச்சி. அவருக்கு ஆறல. ஒன் தங்கச்சி அத்தினியூண்டா வேற பொறந்தாளா, கிட்ட வரவே பயந்தாரு. காய்ப்பு கரையக் கரைய எண்ணெ தேய்ப்பாரு. அந்தக் கையோட தறி இழுத்தா கொப்பளம் கொப்பளமா வரும். துணிய சுத்திக்கினு நெய்வாரு."

நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு தழும்பாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மகனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "கீறினா கீறட்டும்பா. தூக்கு" என்றேன். அவர் தயங்கினார். நான் நகரவில்லை. மெல்ல அந்த இரண்டு கைகளும் முன்னால் வந்தன. மகனை அவற்றில் வைத்தேன். அவன் கண்ணைத் திறக்காமலே தாத்தாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று கிணற்றடியில் அவர் நூலில்தான் குறை தேடுகிறார் என்று நினைத்திருந்தேன்.