பத்தாம் திகதி விடுமுறை

மூன்று வருடங்களுக்கு முன், ஆனி மாத மழையில், ஹட்டன், கொட்டகலை, நுவரெலியா என்று நான்கு நாட்கள் சுற்றினேன். சுற்றுலாப் பயணிகளுக்கான ஓர் இணையத்தளம் கொடுத்த வேலை அது. அந்தப் பகுதியில் நல்ல வைன் கடைகள் எவை, நல்ல சாப்பாட்டுக்கடைகள் எவை என்று நேரில் பார்த்து ஒரு பட்டியல் எழுத வேண்டும். கொழும்பில் இருபது வருடம் பத்திரிகையில் இருந்துவிட்டு வெளியே வந்திருந்த எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அதோடு நான் டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். அந்த ஊர்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கடைகளைக் கண்டிப்பாகத்தான் பார்த்தேன். போத்தல்களை வெயில் படும் கண்ணாடியோரம் அடுக்கியிருந்தவர்களை விட்டுவிட்டேன். விலை ஒட்டாதவர்கள், பற்றுச்சீட்டு தராதவர்கள், மீன் குழம்பை நேற்றிலிருந்து சூடாக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பட்டியலிலிருந்து போனார்கள். டவுன்களில் தேறிய வைன் கடைகள் இரண்டுதான்.

மூன்றாவது கடை கொட்டகலையைத் தாண்டி, ஒரு தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் இருந்தது. நான் போனது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. பங்களாக்களில் தங்க வரும் வெளிநாட்டவர்களுக்காக அந்தக் கடை முதலாளி இரண்டு தட்டு நிறைய வைன் வைத்திருந்தார். போத்தல்கள் முறைப்படி படுக்கவைக்கப்பட்டிருந்தன. தரை கழுவியிருந்தது. என்னையும் அவரையும் தவிரக் கடையில் யாருமில்லை. அமைதியான இடம், நெரிசல் கிடையாது, வாகனம் நிறுத்தலாம், பெண்கள் தனியாகவும் தயக்கமின்றிப் போகலாம் என்று குறித்துக்கொண்டேன்.

எதிரே தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை. நடத்திய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், இடுப்பு வலி வந்து தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு கடை போட்டவர். தங்கை இன்னும் மலையில்தான் வேலை செய்கிறாள் என்றார். நான் ரொட்டி கேட்டேன்; பழக்கத்தில் ஒரு கரண்டியும் கேட்டுவிட்டேன். அவர் "இந்தாங்க சேர்" என்று கழுவிக் கொண்டுவந்து வைத்தார். இடித்த சம்பலும் லீக்ஸ் கறியும் வந்ததும் கரண்டியை மறந்து ரொட்டியைப் பிய்த்து ஒற்றி ஒற்றித் தின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். டயகம என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா கரண்டி கழுவுற வேலை மிச்சம்ல, அண்ணே."

நான் இதுவரை தின்றவற்றில் ஆகச் சிறந்த ரொட்டிகளில் அதுவும் ஒன்று. கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது லீவு என்று கேட்டேன். பௌர்ணமிக்கும் திறப்பேன், ஞாயிற்றுக்கிழமையும் திறப்பேன், மாதத்தில் பத்தாம் திகதி மட்டும் திறப்பதில்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. புதிதாக வேலைக்கு வரும் நிருபர்களுக்கு அந்த ஒரு கேள்வியைத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பட்டியல் வெளியானது. சந்திக்கு ஆறு வரி ஒதுக்கியிருந்தேன். எதிரில் வைன் வாங்கிக்கொண்டு இங்கே வந்து ரொட்டி கட்டிக்கொண்டு போங்கள் என்று முடித்திருந்தேன். "ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி விடுமுறை" என்ற குறிப்பும் இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து அந்தச் சாப்பாட்டுக்கடைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் விட்டுவந்த அட்டையை வைத்திருந்திருக்கிறார். அந்த வைன் கடையின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று தோட்டத்துப் பெண்கள் கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுத்திருந்தார்கள். அதில் முதல் கையெழுத்து அவருடையது. விசாரணையில் முதலாளியின் சட்டத்தரணி என் ஆறு வரிகளை அச்செடுத்து நீட்டியிருக்கிறார். எழுதியவர் வெளியாள் அல்ல, இந்த மலையில் பிறந்த தமிழர், இருபது வருடப் பத்திரிகைக்காரர், அவரே அமைதியான இடம் என்கிறார் என்று சொன்னாராம். விசாரணைக்கு இன்னொரு தவணை இருக்கிறது, அதற்குமுன் ஒரு பத்தாம் திகதி வந்து பாருங்கள் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் மறுபடி சேர் ஆகியிருந்தேன்.

போனேன். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம். ஆண்களுக்குக் கொடுக்கிற வேலை இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். பெண்கள் மாலைக் கொழுந்து நிறுத்து இறங்க ஐந்து மணியாகும். மனைவியின் சம்பளத்தையும் கணவனே கையெழுத்துப் போட்டு வாங்குவது அங்கே இன்னும் வழக்கம். என் அம்மாவின் சம்பளத்தை அப்பாதான் வாங்கினார். இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல.

இரண்டரைக்குச் சந்தி நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் கார் நிறுத்திய இடத்தில் ஆண்கள் சாராயத்துக்கு வரிசையில் நின்றார்கள். கடைக்குள் வைன் தட்டு இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை. மூன்றரைக்கு முதல் சண்டை. சாப்பாட்டுக்கடையின் மூடிய பலகையில் ஒருவன் போய் விழுந்தான். பலகையில் ஏற்கெனவே பழைய உடைசல்கள் இருந்தன. ஐந்து மணிக்குப் பெண்கள் ஓடிவந்தார்கள். நடந்து அல்ல, மழையில், அந்தச் சரிவில் ஓடி. மழைக்குத் தலையில் போட்ட படங்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் கூட்டத்தில் தன் ஆளைத் தேடினாள். சிலர் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தார்கள், சிலர் அடி வாங்கினார்கள். சாப்பாட்டுக்கடைப் பெண்ணின் தங்கை கணவனைக் கண்டுபிடித்தபோது அவன் ரோட்டோர மதகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அவன் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவிவிட்டு, பக்கத்தில் மதகிலேயே உட்கார்ந்தாள். விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. அழவில்லை. அக்காவைப் பார்த்து, "இந்த மாசமும் முடிஞ்சிருச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அந்தச் சந்தி ஏன் அமைதியாக இருந்தது என்பது லயத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் மலையில் இருந்தார்கள்.

விசாரணை நாளில் நானும் போனேன். முதலாளி எழுந்துவந்து கைகொடுத்தார். தன் கடையைப் பற்றி இவ்வளவு நல்லபடியாக யாரும் எழுதியதில்லை என்று நன்றி சொன்னார். அவர் கேலி செய்யவில்லை, மெய்யாகவே சொன்னார். விசாரித்த அதிகாரி பொறுமையான மனிதர். நான் பத்தாம் திகதி பார்த்ததை முழுதும் சொல்லவிட்டார். பிறகு சட்டத்தரணி மூன்று கேள்விகள் கேட்டார். எழுதியதில் ஏதாவது பொய்யா? இல்லை என்றேன். முதலில் வந்த செவ்வாய்க்கிழமை கடையில் சண்டையோ நெரிசலோ பார்த்தீர்களா? இல்லை. இரண்டாம் முறை வந்தது மனுக்காரர் கூப்பிட்டா? ஆம். அவ்வளவுதான், அவர் உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அன்று வேலைக்குப் போகாததால் பாதிப் பெண்களுக்கு ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போயிருந்தது. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பது என்று முடிவானது. முடிவு சிங்களத்தில் வாசிக்கப்பட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் தமிழில் சொல்லும்வரை பெண்களில் பலர் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே மழை விட்டிருக்கவில்லை. படிக்கட்டில் சாப்பாட்டுக்கடைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இணையத்தளத்தில் சொல்லி அந்த வரிகளை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் குடையை விரித்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க பொய் எழுதலைங்க சேர். பொய்யா இருந்திருந்தா, பொய்யின்னு சொல்லி நாங்க ஜெயிச்சிருப்போம்."

பிறகு, பஸ் வந்துவிடும் என்று இறங்கிப் போனார்கள். பதினோரு பேர், நான்கு குடை.

அந்த வரிகளை எடுக்கச்செய்தேன். சாப்பாட்டுக்கடையும் அதே பத்தியில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. ரொட்டிக்காக அங்கே வண்டி நிறுத்திய இரண்டொரு வெளிநாட்டவர்களும் அதோடு நின்றிருப்பார்கள். வைன் கடையில் மட்டும் அச்சுப் பிரதி கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னும் மாட்டியிருக்கிறது என்று அந்தப் பக்கம் போய்வந்த நண்பர் ஒருவர் போன வருடம் சொன்னார்.

இத்தனை வருடங்களில் நான் எழுதியவற்றுக்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது பல தடவை. ஆனால் என்னால் திருத்தவே முடியாமல் போனவை, ஒரு சொல்கூடப் பிழையில்லாத அந்த ஆறு வரிகள்தான்.